சோலார் கொட்டேஷன்ல அந்தக் கடைசி வரியைப் படிச்சீங்களா?



வீட்டு சோலார் பேபேக் பத்தி நம்ம சேனலில் போட்ட வீடியோவுக்கு வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே மாதிரிதான். "சார், எந்த பேனல் நல்லது?" "இந்த இன்வெர்ட்டர் வாங்கலாமா?" "ஒரு கிலோவாட்டுக்கு எவ்வளவு கொடுத்தா நியாயம்?" பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் வெயில்லயும் மழையிலயும் கிடக்கிற கேபிளைப் பத்தி ஒருத்தர் கூட கேட்கலை. உங்களைக் குறை சொல்லலை. நானும் கேட்கலை, அந்த வீடியோவிலும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. அதுக்கான பில் எனக்கு வந்துடுச்சு. அதனாலதான் இந்தப் பதிவு.

தஞ்சாவூரில் அப்பா அம்மா இருக்கிற வீட்டுக்கு 3 கிலோவாட் சோலார் போட்டேன். ரெண்டு கொட்டேஷன் வாங்கினேன். ஒண்ணு 2,09,000 ரூபாய், இன்னொண்ணு 1,95,000. ரெண்டிலும் அதே பேனல், அதே இன்வெர்ட்டர். பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். அது போக கையை விட்டுப் போறது 1,17,000. மாசம் சராசரியா 2,000 ரூபாய் மிச்சம்னு கணக்குப் போட்டா, அஞ்சு வருஷத்துக்குள்ள போட்ட பணம் திரும்பிடும். எக்செல் அழகா இருந்துச்சு. 14,000 ரூபாய் கம்மியா இருந்த கொட்டேஷனுக்கு ஓகே சொல்லிட்டேன்.

அந்தக் கொட்டேஷனில் பேனலுக்கு ஒரு வரி: கம்பெனி பேரு, மாடல், எத்தனை வாட், எத்தனை வருஷ வாரண்டி எல்லாம் இருந்துச்சு. இன்வெர்ட்டருக்கும் அதே மாதிரி. மூணாவது வரி: "கேபிள், எர்த்திங், இதர பொருட்கள் – லம்ப்சம்."

நான் ஒரு ஆடிட்டர். ஒரு கம்பெனி கணக்கை எடுத்தா நான் முதல்ல திறந்து பார்க்கிறது 'இதர செலவுகள்' லெட்ஜரைத்தான். யாரும் கேள்வி கேட்க மாட்டாங்கன்னு நினைக்கிற விஷயமெல்லாம் அங்கேதான் போய் உட்காரும். அப்படிப்பட்ட ஆள் சொந்த வீட்டுக் கொட்டேஷன்ல 'இதர பொருட்கள்' வரியைத் திறக்காம கையெழுத்துப் போட்டேன். சிரிச்சுக்கோங்க.

முதல் வருஷம் ஒரு பிரச்சினையும் இல்லை. ரெண்டாவது வருஷம் நவம்பர். காலையில அப்பா போன். "தம்பி, அந்த இன்வெர்ட்டர்ல சிவப்பு லைட் எரியுதுடா." ஆப்பைத் திறந்து பார்த்தேன். வழக்கமா ஏழு மணிக்குக் கிளம்புற கிராஃப், அன்னைக்கு பதினோரு மணிக்குத்தான் ஆரம்பிச்சிருக்கு. முந்தின நாளும் அப்படித்தான். மழை பெய்ஞ்ச ராத்திரிக்கு மறுநாள் காலையில மட்டும் இது நடக்குது. போட்டுக் கொடுத்தவருக்கு போன் பண்ணினா, "மழைக்கு அப்படித்தான் சார் வரும், வெயில் வந்தா சரியாயிடும்" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான், வெயில் வந்தா சரியாகுது. அடுத்த வாரம் ஆள் அனுப்பறேன், இன்வெர்ட்டர் செட்டிங்ல ஒரு நம்பரை மாத்தினா அலாரம் வராதுன்னும் சொன்னார்.

அந்த இடத்தில்தான் எனக்கு உறைச்சது. தணிக்கையில ஒரு எண் இடிக்குதுன்னா, அந்த எண்ணை மாத்தறது தீர்வு இல்லை.

அந்த அலாரம் என்ன சொல்லுதுன்னு புரிஞ்சுக்கணும். காலையில வேலை தொடங்கும் முன்னாடி இன்வெர்ட்டர் ஒரு சோதனை செய்யும். பேனலில் இருந்து வர்ற ப்ளஸ், மைனஸ் ரெண்டு கேபிளும் பூமியோட எங்கேயாவது தொடர்பில் இருக்கான்னு பார்க்கும். இருந்தா 'இன்சுலேஷன் ஃபால்ட்'னு சொல்லி வேலையை ஆரம்பிக்காது. அப்படின்னா எங்கேயோ கேபிளோட மேல்தோல் கிழிஞ்சிருக்கு, ஈரம் பட்டா அங்கேயிருந்து கசியுது. காய்ஞ்சா கசிவு நிக்குது. கிழிசல் அப்படியேதான் இருக்கு.

இதுல பணம் எவ்வளவு போகும்? ஒரு காலைக்கு மூணு நாலு யூனிட். மழைக்காலம் முழுக்கச் சேர்த்தாலும் சில நூறு ரூபாய்தான். எக்செல்லில் இதைப் போட்டா பேபேக் பெருசா நகராது. அதனாலதான் இந்த விஷயத்துக்கு எக்செல்லை நம்பாதீங்கன்னு சொல்றேன். எங்க அம்மா அந்த மாடியில, அந்த ஸ்டாண்டுக்குப் பக்கத்துலதான் வடாம் காய வைக்கிறாங்க.

நம்மில் நிறைய பேர் தெரிஞ்சுக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. இன்வெர்ட்டர் நின்னுட்டா மாடியில கரண்ட் இல்லைன்னு அர்த்தம் இல்லை. கீழே ஸ்விட்சை ஆஃப் பண்ணினா, ஸ்விட்சுக்குக் கீழேதான் கரண்ட் இருக்காது. பேனல்ல இருந்து அந்த ஸ்விட்ச் வரைக்கும் வர்ற கேபிளில் வெளிச்சம் இருக்கிற வரை வோல்டேஜ் இருக்கும். 550 வாட் பேனல் ஆறை வரிசையா இணைச்சா கிட்டத்தட்ட 300 வோல்ட் டிசி.

வீட்டுல இருக்கிற ஏசி கரண்ட்ல ஷார்ட் ஆனா ஃபியூஸ் போகும், எம்சிபி விழும். அந்த தைரியத்திலேயே நாம வளர்ந்துட்டோம். சோலார் பேனல் அப்படி இல்லை. ஷார்ட் பண்ணினாலும் அது தர்ற கரண்ட், சாதாரணமா வேலை செய்யும்போது தர்றதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். 13 ஆம்பியர் ஓடுற இடத்துல ஷார்ட்ல 14 ஓடும். ஒரே வரிசை பேனல் இருக்கிற சின்ன வீட்டு சிஸ்டத்துல அந்த வித்தியாசத்தை வைச்சு எந்த ஃபியூஸும் உருகாது. அதோட ஏசி கரண்ட் வினாடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுட்டு வரும், அதனால தீப்பொறி தானா அணைய வாய்ப்பு இருக்கு. டிசி பூஜ்யத்தைத் தொடாது. கேபிள் லூசான இடத்துல ஒரு தடவை ஆர்க் பிடிச்சா எரிஞ்சுக்கிட்டே இருக்கும்.

ஒரே ஒரு இடத்துல தோல் கிழிஞ்சு ஸ்டாண்டைத் தொட்டா, பெரும்பாலும் பெருசா ஒண்ணும் நடக்காது, அலாரம் வரும். இன்னொரு இடத்துலயும் கிழிஞ்சுதுன்னா சுற்று முழுமையாகிடும். முதல் கிழிசலுக்கு வந்த அலாரத்தை செட்டிங் மாத்தி வாயடைச்சுட்டோம்னா, ரெண்டாவதைச் சொல்ல ஆள் இல்லை.

சரி, என் வீட்டுக் கதைக்கு வர்றேன். ஊரிலேயே இருக்கிற, சோலார் வேலை தெரிஞ்ச வேற ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் பின்னாடியே மாடியில அலைஞ்சேன். பார்த்ததைச் சொல்றேன், உங்க வீட்டு மாடியோட ஒப்பிட்டுப் பாருங்க.

கேபிள் மாடியில இருந்து கீழே இறங்குற இடத்துல, கைப்பிடிச் சுவரோட முனையில அப்படியே மடிஞ்சு தொங்குது. பைப் இல்லை, ரப்பர் இல்லை. காத்துல ஆடி ஆடி, சிமென்ட் முனையில உரசி, உள்ளே செம்பு தெரியுது. அங்கேதான் மழைத்தண்ணி வழியுது.

சுவரில் ஓடின வெள்ளை பிவிசி பைப், வீட்டுக்குள்ள வயரிங்குக்குப் போடுற சாதா பைப். ரெண்டு கோடை வெயில்ல நொறுங்கி, வளைவுல வெடிச்சிருக்கு. வெடிப்பு வழியா தண்ணி உள்ளே போய் அடிவளைவுல தேங்கி நிக்குது. அதாவது கேபிளுக்குப் பாதுகாப்புன்னு போட்ட பைப்பே அதைத் தண்ணியில ஊற வைச்சிருக்கு. வெளியில போடுற பைப் வெயிலைத் தாங்கற ரகமா இருக்கணும். அடிப்பகுதியில தண்ணி வடிய வழி இருக்கணும். கேபிள் பெட்டிக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி கீழே ஒரு வளைவு கொடுத்து மேலே ஏத்தி நுழைக்கணும், அப்போதான் கேபிள் வழியா வர்ற தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும்.

பேனலுக்குக் கீழே கேபிளைக் கட்டியிருந்த வெள்ளை நைலான் டை பாதி அறுந்து விழுந்திருந்துச்சு. அதனால எம்சி-4 கனெக்டர் ஒண்ணு தரையில, மழைத்தண்ணி தேங்கற பள்ளத்துல கிடக்குது. அது ஒரு கம்பெனி கனெக்டர், அதோட ஜோடி வேற கம்பெனி. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், பொருந்தவும் பொருந்தும், உள்ளே பிடிமானம் சரியா இருக்காது. சூடாகற இடம் அதுதான். இதெல்லாம் போதாதுன்னு ஒரு ஓரத்துல அணில் கடிச்ச பல் தடம் வேற.

கேபிள் மட்டும் நல்ல கேபிள். 4 ஸ்கொயர் எம்எம், வெள்ளீயம் பூசின செம்பு, மேலே ஈஎன் 50618னு அச்சடிச்சிருந்துச்சு. அந்த ஒரு விஷயத்துல என்னை ஏமாத்தலை, சொல்லிடறேன். உங்க கேபிளில் இப்படி எந்தக் குறியும் இல்லாம வெறும் வீட்டு வயர் மாதிரி இருந்தா, அதை மாத்தறதைத் தவிர வேற வழி இல்லை.

அடுத்து எர்த்திங். இதுலதான் எனக்கு நிஜமாவே பயம் வந்துச்சு. பச்சை வயர் ஸ்டாண்டுல இருந்து கீழே குழிக்கு வந்துச்சு, அதனால எல்லாம் சரின்னு நினைச்சேன். எலக்ட்ரீஷியன் மீட்டரை எடுத்து பேனல் ஃபிரேமில் ஒரு முனை, ஸ்டாண்டில் ஒரு முனை வைச்சார். தொடர்பே இல்லை. பேனலோட அலுமினிய ஃபிரேம் மேல ஒரு பூச்சு இருக்கு, அது கரண்டைக் கடத்தாது. அதனால இரும்பு ஸ்டாண்டு மேல பேனலை வைச்சு கிளாம்ப் போட்டுட்டா எர்த் ஆயிடுச்சுன்னு நம்ப முடியாது. ஃபிரேமில் அதுக்குன்னு ஒரு ஓட்டை இருக்கும், பக்கத்துல எர்த் குறியும் இருக்கும். அங்கே பல் வைச்ச வாஷர் போட்டு பூச்சைக் கீறி இறுக்கணும், ஒவ்வொரு பேனலுக்கும். வெறும் செம்பு வயரை அலுமினியத்துல நேரா வைச்சு முறுக்கினா கொஞ்ச நாள்ல அரிச்சுடும், வெள்ளீயம் பூசின லக் வேணும்.

அப்புறம் குழி. மூடி நல்லா இருந்துச்சு, மேலே பெயின்ட் கூட அடிச்சிருந்தாங்க. உள்ளே மூணு அடிக் கம்பி. அளந்தா 19 ஓம். அது மழைக்காலத்துல, தஞ்சாவூர் களிமண்ணுல. மே மாசம் எவ்வளவு இருந்திருக்கும்னு யோசிச்சுக்கோங்க. சோலாருக்கு வழக்கமா கேட்கிற அளவு 5 ஓம்முக்குள்ள. பத்தடிக் கம்பி இறக்கி, சுத்தி எர்த்திங் பவுடர் போட்டு நிரப்பின பிறகு 3.8 வந்துச்சு.

டிசி பெட்டியில எஸ்பிடி இருந்துச்சு. இடி மின்னல் நேரத்துல வர்ற அதிக வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பி விடற சின்னப் பொருள். அதுல ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், பச்சையா இருந்தா உயிரோட இருக்கு, சிவப்பானா முடிஞ்சுபோச்சு. என் வீட்டுல சிவப்பு. எப்போ ஆச்சுன்னு தெரியாது, ஏன்னா அந்தப் பெட்டியை யாரும் திறந்ததே இல்லை. பச்சையா இருந்திருந்தாலும் என்ன? திருப்பி விடற எர்த் 19 ஓம். பால் பொங்கினா வடிய குழாய் வைச்சுட்டு, குழாயோட மறுமுனையை அடைச்ச மாதிரி.

மின்னல் பத்தி இன்னொரு சின்ன விஷயம், காசு செலவில்லாதது. ப்ளஸ், மைனஸ் ரெண்டு கேபிளையும் பக்கத்துல பக்கத்துல சேர்த்தே ஓட்டணும். ஒண்ணு பேனல் வரிசைக்கு இந்தப் பக்கம், இன்னொண்ணு அந்தப் பக்கம்னு சுத்தி விட்டா, நடுவுல பெரிய வளையம் உருவாகும். பக்கத்துத் தெருவுல மின்னல் விழுந்தாலும் அந்த வளையத்துல வோல்டேஜ் தூண்டப்படும். இடிதாங்கி இருந்தா அதோட பட்டையைத் தனி வழியில இறக்கணும், இந்த கேபிளோட சேர்த்துக் கட்டக்கூடாது.

மொத்தமா இதையெல்லாம் சரி பண்ண எனக்கு ஆன செலவு 21,500 ரூபாய். நான் மிச்சம் பிடிச்சது 14,000. முதல்லயே அந்த 14,000-ஐக் கொடுத்திருந்தா பேபேக் ஏழு மாசம் தள்ளிப் போயிருக்கும். இருபத்தஞ்சு வருஷம் ஓடப்போற பொருளுக்கு ஏழு மாசம்.

ஆனா இங்கே நியாயமா ஒண்ணு சொல்லணும். 2,09,000 கொட்டேஷனிலும் அதே 'லம்ப்சம்' வரிதான் இருந்துச்சு. அவங்க போட்டிருந்தா எல்லாம் சரியா இருந்திருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். விலை அதிகம்னா தரம் அதிகம்னு அர்த்தம் இல்லை. ரெண்டு பேர்கிட்டயும் அந்த வரியைத் திறந்து காட்டுங்கன்னு கேட்காதது என் தப்பு. அதே சமயம், போட்டுக் கொடுத்தவரோட நிலைமையையும் பார்க்கணும். பேனல் விலை நெட்ல தெரியும், இன்வெர்ட்டர் விலை தெரியும். அதுல அவர் குறைக்க முடியாது. நாம "ஒரு கிலோவாட்டுக்கு எவ்வளவு?"ன்னு மட்டுமே கேட்டு அடிச்சுப் பேசினா, அவர் எங்கே குறைப்பார்? நாம பார்க்காத வரியிலதான். "கிலோவாட் ரேட்" கேட்டு வாங்கறதை நிறுத்துங்கன்னு நான் சொல்றதுக்குக் காரணம் இதுதான். போன வீடியோவில் நானே அந்த ரேட்டைத்தான் ஒப்பிட்டுக் காட்டினேன், அதை வாபஸ் வாங்கிக்கிறேன்.

இப்போ கொட்டேஷன் வாங்கப் போறவங்க என்ன கேட்கணும்? கேபிள் எந்த தரக்குறி, எத்தனை மீட்டர், எந்த வழியா வரும். பைப் என்ன ரகம். கனெக்டர் எல்லாம் ஒரே கம்பெனியா, கிரிம்பிங் டூல் வைச்சு அடிப்பாங்களா இல்லை கட்டிங் பிளேயரா. டிசி பெட்டியில இருக்கிற ஸ்விட்ச் டிசிக்கான ரகமா, ஏன்னா ஏசி எம்சிபியை அங்கே மாட்டிட்டுப் போறவங்க இருக்காங்க, அது டிசி ஆர்க்கை அணைக்காது. எத்தனை எர்த் குழி, எவ்வளவு ஆழம். நம்ம ஊரில் வழக்கமா ஸ்டாண்டுக்கும் டிசி பக்கத்துக்கும் ஒண்ணு, ஏசி பக்கத்துக்கு ஒண்ணு, இடிதாங்கிக்குத் தனியா ஒண்ணுன்னு போடுவாங்க. எர்த்திங்குக்கு ஐஎஸ் 3043னு இந்தியத் தரநிலை இருக்கு, அதன்படி செய்வோம்னு எழுதித் தரச் சொல்லுங்க. வாயால சொல்றது வேண்டாம்.

கடைசிப் பத்து சதவீதப் பணத்தை ரெண்டு டெஸ்ட் ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் தருவேன்னு முதல்லயே பேசிடுங்க. ஒண்ணு எர்த் ரெசிஸ்டன்ஸ், எத்தனை ஓம்னு. இன்னொண்ணு டிசி கேபிளோட இன்சுலேஷன் டெஸ்ட். நம்ம மாதிரி 300 வோல்ட் சிஸ்டத்துக்கு 500 வோல்ட்ல சோதிப்பாங்க, ஒரு மெகா ஓம்முக்குக் குறையக்கூடாது. லோன்ல போடறீங்கன்னா பேங்க் நேரா விற்பனையாளருக்குப் பணம் போட்டுடும், அதனால நீங்க கையில இருந்து கட்டற மார்ஜின் தொகையில இந்தப் பத்து சதவீதத்தை நிறுத்தி வைங்க. "இப்படி யாரும் கேட்டதில்லை சார்"னு சொல்வாங்க. சொல்லட்டும்.

பில்லையும் பாருங்க. சோலார் சாதனங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22-ல இருந்து 12 சதவீதத்துல இருந்து 5 ஆகிடுச்சு. பொருத்தித் தர்ற வேலையோட சேர்த்து வாங்கும்போது 70 சதவீதம் பொருள், 30 சதவீதம் சேவைன்னு பிரிச்சு, மொத்தத்துல 8.9 சதவீதம் வரும். பழைய 13.8 சதவீதத்துல இன்னும் கொட்டேஷன் வந்தா கேளுங்க. 1,80,000 ரூபாய் வேலைன்னா அந்த வித்தியாசம் 8,800 ரூபாய்க்கு மேல. எர்த்திங் செலவுல பெரும் பகுதி அதிலேயே கிடைச்சுடுது! வருமான வரியில கழிவு உண்டான்னு கேட்கிறவங்களுக்கு, சம்பளக்காரர் வீட்டு சோலாருக்கு அப்படி எதுவும் கிடையாது.

இன்ஷூரன்ஸ் பத்தி ஒரு வார்த்தை. வீட்டுக்கான பாரத் க்ருஹ ரக்ஷா பாலிசியில் சோலார் பேனல் வீட்டுக் கட்டடத்தோட சேர்ந்தது, தீயும் மின்னலும் அதில் அடங்கும். கரண்ட் கனெக்ஷன் அப்பா பேர்ல, வீடு அப்பா பேர்ல, இஎம்ஐ கட்டறது நீங்கன்னா, பாலிசி யார் பேர்ல இருக்குன்னு ஒரு தடவை பார்த்துக்கோங்க. சோலார் போட்ட பிறகு வீட்டோட மதிப்பை பாலிசியில ஏத்தினீங்களான்னும் பாருங்க. இன்வெர்ட்டர் வாரண்டி கார்டைப் படிச்சா பெரும்பாலும் மின்னல், சர்ஜ், தப்பான நிறுவலால் வர்ற சேதம் இதெல்லாம் சேராதுன்னு இருக்கும். அங்கே நீங்க காட்ட வேண்டியது அந்த டெஸ்ட் ரிப்போர்ட்தான்.

ஏற்கனவே போட்டாச்சா? இந்த வாரக் கடைசியில மாடிக்குப் போங்க. எதையும் தொட வேண்டாம், பிடுங்க வேண்டாம். முக்கியமா, வெயில் நேரத்துல கனெக்டரைக் கழட்டிப் பார்க்காதீங்க, கரண்ட் ஓடும்போது பிரிச்சா கையிலேயே ஆர்க் அடிக்கும். கண்ணால பார்த்து போட்டோ எடுங்க: சுவர் முனை, பைப் வளைவு, தரையைத் தொடற கனெக்டர், ஒவ்வொரு பேனல் ஃபிரேமிலும் பச்சை வயர் இருக்கா, எஸ்பிடி ஜன்னல் என்ன நிறம். ஆப்ல போன அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாசக் காலை நேர கிராஃபைப் பின்னாடி போய்ப் பாருங்க. மழைக்கு மறுநாள் லேட்டா ஆரம்பிச்சிருந்தா உடனே மெகர் வைச்சிருக்கிற ஆளைக் கூப்பிடுங்க. செட்டிங் மாத்தறேன்னு சொல்றவரை அனுப்பிடுங்க.

நம்ம பேபேக் எக்செல்லில் இப்போ 'கேபிள் பாதுகாப்பு, எர்த்திங்'னு தனி வரி சேர்த்திருக்கேன். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை எஸ்பிடி மாத்தவும், வருஷத்துக்கு ஒரு எர்த் டெஸ்ட்டுக்கும் தொகை போட்டிருக்கேன். புது ஷீட்டோட லிங்க் வீடியோ டிஸ்கிரிப்ஷனில் இருக்கு, பழைய ஷீட்டை டவுன்லோடு பண்ணினவங்க அதை அழிச்சுட்டு இதை எடுத்துக்கோங்க.